பத்தேகால் மில்லிமீட்டர்

குளியலறைக்குள் டிரில்லிங் மெஷின் நின்றதும் தெய்வசிகாமணி செய்தித்தாளை இன்னும் உயர்த்திப் பிடித்தார். ஓடிக்கொண்டிருக்கும்வரை அந்தச் சத்தம் ஒரு சௌகரியம். அதற்குள் யாரும் யாரையும் எதுவும் கேட்க முடியாது. செய்தித்தாளை விரித்துப் பிடித்துக்கொண்டு ஒரே வரியை இருபது தடவை படித்தாலும் எதிரே உட்கார்ந்திருப்பவருக்குத் தெரியாது. சத்தம் நின்றுவிட்டால் சடையப்பன் ஸ்டூல் மேல் நின்று அண்ணாந்து பார்க்கிறான் என்று அர்த்தம். அண்ணாந்து பார்த்தால் கூரையில் அந்த அலுமினியத் தகடு இருக்கிறது. தகட்டின் நடுவில் அந்த ஓட்டை இருக்கிறது. வெல்டிங் பட்டறையில் இருபது வருஷம் உழைத்தவனுக்கு ஓட்டையை அளக்க வெர்னியர் அளவுகோல் வேண்டாம், கண்ணே போதும். ஆனால் அவன் புதிதாக என்ன பார்த்துவிடப் போகிறான்? போன மாதமே பார்த்திருப்பான். இவர்தானே தகட்டையும் அதில் தொங்க வேண்டிய கைப்பிடிக் கம்பியையும் பழைய வேட்டித் துணியில் சுற்றி, பிறந்த குழந்தையைக் கொடுப்பதுபோல அவன் கையில் கொடுத்தார். 'கூரையில் நாலு ஆங்கர் போல்ட் போட்டு மாட்டினால் மட்டும் போதும், மற்றதெல்லாம் நான் முடித்துவிட்டேன்' என்று சொல்லித்தானே கொடுத்தார். அப்போது அவன் கம்பியின் மரையைப் பெருவிரலால் ஒரு தடவை தடவினான். தடவிவிட்டு, "மேல ஒரு நட்டு வச்சு வெல்டு பண்ணிரலாமுங்களா சார்?" என்று கேட்டான். "எதுக்குப்பா நட்டு? பன்னெண்டு எம்எம் மரை, ஒரு டன்னுக்கு மேல தாங்கும். நான் கணக்குப் போட்டுட்டேன்" என்றார் இவர். கணக்கு சரிதான். கணக்கில் அவர் என்றைக்கும் தப்பியதில்லை. கரும்பலகையில் அவர் தொங்கவிட்ட எந்தக் கம்பியும் இதுவரை விழுந்ததில்லை. மறுபடி மெஷின் ஓட ஆரம்பித்தது. அவர் செய்தித்தாளின் பக்கத்தைப் புரட்டினார்.

எதிர் சோபாவில் மைத்துனர் பாலதண்டாயுதம் காப்பியைச் சத்தம் போட்டு உறிஞ்சிக்கொண்டிருந்தார். சோமனூரில் நூல் வியாபாரம். தங்கைக்குக் கை முறிந்தது என்று கேள்விப்பட்ட புதன்கிழமையிலிருந்து தினமும் கோயமுத்தூருக்கு வந்து போகிறார். வந்து போகட்டும், தப்பில்லை, பாசக்கார மனுஷன். ஆனால் பாசக்காரர்களுக்கு யார் மேலாவது கோபம் வேண்டியிருக்கிறது. உள் அறையில் சுலோச்சனா படுத்திருக்கிறாள். வலது முழங்காலில் அறுவை சிகிச்சை நடந்து ஆறு வாரம். இடது கையில் முழங்கை வரை மாவுக்கட்டு போட்டு நாலு நாள். முதலாவதை டாக்டர் செய்தார். இரண்டாவதை? ஆஸ்பத்திரி வராந்தாவில் மைத்துனர் கேட்டது, "அந்தக் கைப்பிடியை யாருங்க மாப்பிள்ளை மாட்டுனது?" இவர் சொன்னது, "சடையப்பன்னு, கணபதியில பட்டறை வச்சிருக்கான்." அந்த வாக்கியத்தை இந்த நாலு நாளில் அவர் எத்தனையோ தடவை திருத்திப் பார்த்துவிட்டார், விடைத்தாள் திருத்துவதுபோல. எங்கேயும் பிழை இல்லை. கேட்டது மாட்டியவனைப் பற்றி. மாட்டியவன் சடையப்பன். அவன் பெயர், ஊர், தொழில் எல்லாம் சரி. முழு மதிப்பெண் கொடுத்துவிட வேண்டியதுதான். ஆனால் அந்த விடையை எழுதியவன் திருட்டுப் பயல் என்று திருத்துகிறவருக்குத் தெரியும். அதை எந்தக் கட்டத்தில் எழுதுவது என்றுதான் தெரியவில்லை. சீ, இந்த வயதில். ஐம்பத்தேழு வயதில், பாலிடெக்னிக்கில் முப்பத்தோரு வருஷம் மெக்கானிக்கல் வாத்தியாராக இருந்துவிட்டு, எவனோ ஒருத்தனின் முதுகுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொள்கிற புத்தி எங்கிருந்து வந்தது? வரவில்லை. இருந்திருக்கிறது. இத்தனை நாள் அதற்கு வேலை வைக்கவில்லை, அவ்வளவுதான்.

பன்னிரண்டில் ஒன்றேமுக்கால் போனால் பத்தேகால். மரையின் அளவிலிருந்து அதன் பல்லுக்குப் பல் இடைவெளியைக் கழி, ஓட்டையின் அளவு கிடைக்கும். பத்து எம்எம் மரைக்கு ஒன்றரை கழித்து எட்டரை. எட்டுக்கு ஒன்றேகால் கழித்து ஆறேமுக்கால். ஆறுக்கு ஒன்று கழித்து ஐந்து. இதை அவர் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வார். ஒவ்வொரு வருஷமும் ஜூலை மாதம் சொல்கிறார். பையன்கள் வாய்ப்பாடு மாதிரி திருப்பிச் சொல்கிறார்கள். கம்பிக்கு அவ்வளவுகூட யோசிக்க வேண்டாம், சொன்ன அளவைவிடக் கொஞ்சமே கொஞ்சம் குறைவு. பன்னிரண்டு எம்எம் மரைக்குக் கம்பி பதினொன்று புள்ளி எட்டு. ஓட்டை பெருத்தாலும் பல் பிடிக்காது, கம்பி சிறுத்தாலும் பல் பிடிக்காது, "ரெண்டும் சேர்ந்து போச்சுன்னா கல்யாணம் ஆன மாதிரி இருக்கும், ஆனா குடும்பம் நடக்காது" என்று ஒரு பகடி வேறு வைத்திருக்கிறார். வருஷா வருஷம் அந்த இடத்தில் வகுப்பு சிரிக்கும், அவரும் சிரிப்பார். சாக்பீஸைத் தட்டிவிட்டு வெளியே வருவார். அந்தச் சிரிப்பை இப்போது நினைத்தால் காது மடல் சூடாகிறது. ஓட்டையைப் பதினொன்றுக்குப் போட்டார். கம்பியைப் பதினொன்றரைக்குக் கடைந்தார். இரண்டையும் சேர்த்தே செய்தார், தெரிந்தே செய்தார். அளவு தெரியாத ஒருவன் செய்திருந்தால் அதற்குப் பெயர் தவறு. தெரிந்தவன் செய்ததற்கு என்ன பெயர் என்று அவர் நாலு நாளாகத் தேடுகிறார், கிடைக்கவில்லை.

கை சொன்னதைக் கேட்டார், அதுதான் நடந்தது. முப்பது வருஷத்துக்கு முன்னால் புதிதாக வேலைக்குச் சேர்ந்த காலத்தில், இரண்டாம் வருஷ மாணவர்கள் நாற்பது பேர் சுற்றி நிற்க, ஒர்க்‌ஷாப்பில் அவரே டேப்பைப் பிடித்து மரை எடுத்துக் காட்டினார். டேப் என்பது மரை வெட்டுகிற எஃகு ஆயுதம். முன்னால் அரைச் சுற்று, பின்னால் கால் சுற்று என்று ஆட்டி ஆட்டி இறக்க வேண்டும். பின்னால் திருப்புவதை அவர் பேச்சு சுவாரசியத்தில் மறந்தார். டக்கென்று ஒரு சத்தம். கையில் கைப்பிடியும் பாதி டேப்பும் இருந்தன, மீதி ஓட்டைக்குள் இருந்தது. யாரும் சிரிக்கவில்லை, இருமினார்கள். நாற்பது பேருக்கும் ஒரே நேரத்தில் இருமல் வந்தது. அடுத்த வாரம் கழிவறைச் சுவரில் 'அரை டேப்பு' என்று அவருக்கு ஒரு பெயர் எழுதப்பட்டிருந்தது. அந்தப் பெயர் அந்த மாணவர்களோடு போயிருக்க வேண்டும், போகவில்லை, பெஞ்சு மேசையோடு சேர்ந்து அடுத்தவர்களுக்குப் போனது. அதற்குப் பிறகு அவர் ஒர்க்‌ஷாப் பக்கம் கையைப் பின்னால் கட்டிக்கொண்டுதான் நடந்தார். தூரத்தில் நின்று சொல்லிக்கொடுப்பார், தொட மாட்டார். நன்றாகவும் சொல்லிக்கொடுப்பார், அதையும் சொல்ல வேண்டும். அவரிடம் படித்தவர்கள் ஜெர்மனியில் இருக்கிறார்கள். சுலோச்சனாவுக்குக் காலில் அறுவை சிகிச்சை ஆனபோதுதான், அவளால் கழிப்பறையில் உட்கார்ந்து எழ முடியவில்லை என்று பார்த்தபோதுதான், மேலிருந்து ஒரு கம்பியைத் தொங்கவிட்டு அடியில் முக்கோணமாக ஒரு கைப்பிடி வைத்தால் அதைப் பிடித்து எழுந்துவிடுவாள் என்று தோன்றியபோதுதான், ஒரு அசட்டு ஆசை வந்தது. இதை என் கையால் செய்துவிட வேண்டும். கடையில் கிடைக்கும், சடையப்பன் அரை நாளில் செய்துவிடுவான், ஆனால் என் கையால். கட்டிக்கொண்டு வந்ததிலிருந்து அவளுக்கு என்று அவர் ஒரு ஆணிகூட அடித்ததில்லை.

இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள். வாட்ச்மேன் ஒர்க்‌ஷாப்பைத் திறந்துவிட்டுப் போய்விடுவான். ஆளில்லாத இடத்தில் லேத்தை ஓடவிட்டுக் கம்பியைக் கடைந்தபோது சுருள் சுருளாக இரும்பு விழுந்தது. தனியாக நின்று சிரித்தார். யாராவது பார்த்திருந்தால் மனுஷனுக்கு மரை கழன்றுவிட்டது என்று நினைத்திருப்பார்கள். தகட்டில் முதலில் பத்தேகாலுக்குத்தான் ஓட்டை போட்டார். டேப்பை வைத்து இரண்டு சுற்று இறக்கியதும் அது கிறீச்சிட்டது. கை நின்றுவிட்டது. அறிவு சொன்னது, ஒரு சொட்டு மண்ணெண்ணெய் விடு, பின்னால் கால் சுற்று திருப்பு, ஒன்றும் ஆகாது. கை கேட்கவில்லை. உள்ளங்கை வேர்த்து, நாற்பது பேர் பின்னால் நின்று இருமத் தயாராக இருப்பதுபோல முதுகு கூசியது. ஒர்க்‌ஷாப்பில் ஒரு ஈ காக்கை இல்லை, இருந்தும் கூசியது. டேப்பை வெளியே எடுத்தார். பத்தரை பிட்டைப் போட்டு ஓட்டையைப் பெரிசாக்கினார். அதிலும் கொஞ்சம் இறுக்கம், அல்லது இறுக்கம் என்று கைக்குத் தோன்றியது. பதினொன்றைப் போட்டார். டேப் வழுக்கிக்கொண்டு இறங்கியது. கம்பியிலும் அதே கதை. கம்பியில் மரை வெட்டுகிற டை கொஞ்சம் முனகியதும் கழற்றிவிட்டு, கம்பியை மறுபடி லேத்தில் மாட்டி மூன்று பாயின்ட் குறைத்தார். பிறகு கம்பியைத் தகட்டில் வைத்துச் சுற்றியபோது இரண்டு விரலிலேயே கடைசி வரை போய்விட்டது. அது நல்ல அறிகுறி இல்லை என்று அவருக்குத் தெரியும். நல்ல மரை கொஞ்சம் முரண்டு பிடிக்கும். ஆனாலும் அந்த வழுக்கலில் ஒரு சந்தோஷம் இருந்தது, அதை எப்படி மறுப்பது? டேப் உடையவில்லை. அன்றைக்கு அவருக்கு முக்கியமாக இருந்தது அதுதான், அந்தக் கம்பியில் யார் தொங்கப்போகிறார்கள் என்பதல்ல. வீட்டுக்கு வந்து சுலோச்சனாவிடம் கையைக் காட்டினார். உள்ளங்கையில் ஒரு கொப்புளம். "நீங்களேவா பண்ணுனீங்க?" என்றாள். "பின்னே?" என்றார். அவள் அந்தக் கொப்புளத்துக்குத் தேங்காய் எண்ணெய் தடவிவிட்டாள்.

ஒன்பது நாள் தாங்கியது. ஒன்பது நாளும் அவள் காலையில் எழுந்து வரும்போது, "உங்க கைப்பிடி ஜோருங்க" என்று சொல்லிவிட்டுத்தான் வந்தாள். பத்தாம் நாள் காலை ஆறு மணிக்கு ஒரு சத்தம், அதன் மேல் இன்னொரு சத்தம். இவர் ஓடினார். ஓடியது உண்மை, அதில் குறை சொல்ல முடியாது. கதவைத் தள்ளினார். அவள் ஈரத்தரையில் பக்கவாட்டில் கிடந்தாள், இடது கை உடம்புக்கு அடியில். "ஏனுங்க" என்றாள், கத்தவில்லை, கூப்பிட்டாள். இந்த இடத்துக்கு வந்ததும் அவருடைய மனது ஒவ்வொரு முறையும் நின்றுவிடுகிறது, கிறீச்சிடுகிறது, பின்னால் திரும்பிப் போய் ஓடியதிலிருந்து மறுபடி ஆரம்பிக்கிறது. ஓடினார், கதவைத் தள்ளினார், அவள் கிடந்தாள், கூப்பிட்டாள். அவர் அவளைப் பார்க்கவில்லை. கம்பியைப் பார்த்தார். கம்பியின் மேல்முனையைப் பார்த்தார். மரைக்குள் அலுமினியம் நூல் நூலாகச் சுருண்டு பளபளவென்று ஒட்டிக்கொண்டிருந்தது. பல் மேல் பல் ஏறாமல் நுனியைச் சீவிக்கொண்டு வந்துவிட்டது. அவர் குனிந்தார், அவளிடம் அல்ல, கம்பியிடம். நகத்தால் அந்தச் சுருளை உருவிக் கைக்குள் மூடிக்கொண்டார். அதற்குப் பிறகுதான், சத்தியமாக அதற்குப் பிறகுதான், பெண்டாட்டியைத் தூக்கினார். தூக்கும்போது ஒரு கை விரிந்திருந்தது, ஒரு கை முட்டியாக மூடியிருந்தது. முட்டியை அவள் முதுகுக்குக் கீழே கொடுத்துத்தான் தூக்கினார். அவளுக்கு அது குத்தியிருக்கும். ஆட்டோவில் போகும்போது, வலியில் உதட்டைக் கடித்துக்கொண்டு, "கையில என்னங்க?" என்று கேட்டாள். "ஒண்ணுமில்லை" என்றார். ஆஸ்பத்திரி வாசலில் செடித் தொட்டியில் அதைப் போட்டார். எவ்வளவு நேரம் ஆகியிருக்கும், அந்தச் சுருளை உருவுவதற்கு? ஐந்து நொடி, ஆறு நொடி. அந்த ஆறு நொடியும் அவள் தரையில் கிடந்தாள், அவரைப் பார்த்துக்கொண்டே கிடந்தாள்.

அதனால்தான் இன்று காலை நடந்தது அவரை அடித்துப் போட்டுவிட்டது. வலது கை நன்றாக இருந்தும் பாசத்தில் இட்லியை ஊட்டிவிட்டுக்கொண்டே பாலதண்டாயுதம் கேட்டார், "ஏங்கண்ணு, முழுக்க முழுக்க அந்தச் சடையப்பன் செஞ்சதுதானே?" இவர் கதவருகே தண்ணீர்ச் செம்போடு நின்றிருந்தார். சுலோச்சனா வாயிலிருந்ததை மென்று முடித்தாள். விழுங்கினாள். "ஆமாண்ணா" என்றாள். பொய் சொல்லத் தெரியாத பிறவி அவள். இதே அண்ணன் மகளைப் பெண் பார்க்க வந்தவர்களிடம், பெண்ணுக்குக் குளிர்காலத்தில் வீசிங் வரும் என்று பலகாரத் தட்டை நீட்டிக்கொண்டே சொன்னவள். குடும்பமே ஒரு வருஷம் அவளோடு பேசவில்லை. அப்படிப்பட்டவளை ஒரு பொய்க்கு இறக்கிவிட்டாயிற்று. அவர் கேட்கவே இல்லை, கண்ணைக்கூடக் காட்டவில்லை, அவளாகச் செய்தாள். கேட்காமலே செய்கிற அளவுக்கு அவரைத் தெரிந்து வைத்திருக்கிறாள். அவருடைய மரியாதை எவ்வளவு மெல்லிசானது, எங்கே தொட்டால் உருவிக்கொண்டு வந்துவிடும் என்று அளவெடுத்து வைத்திருக்கிறாள். சொல்லிவிட்டு அவள் இவர் பக்கம் திரும்பவே இல்லை. கோபமாகத் திரும்பியிருந்தால் பரவாயில்லை. பரிதாபமாகத் திரும்பியிருந்தால்கூட. அடுத்த விள்ளலுக்கு வாயைத் திறந்தாள். சரி, அவள் பெண்டாட்டி, அவளுக்கு ஒரு காரணம் இருக்கிறது. இந்தச் சடையப்பனுக்கு என்ன? வந்து ஒரு மணி நேரமாகிறது, மைத்துனர் வாசலிலேயே பிடித்துக்கொண்டு வாங்கு வாங்கென்று வாங்கினார், அவன் ஒரு வார்த்தை, 'ஓட்டை போட்டது நான் இல்லைங்க' என்று ஒரே வார்த்தை, சொல்லவில்லை. பெரிய மனசா? பயமா? வாத்தியாரைக் காட்டிக்கொடுக்கக் கூடாது என்ற மரியாதையா? ஒரு சமயம் இவருக்கு அவன் மேல் எரிச்சல்கூட வந்தது. சொல்லித் தொலையேன், நீ சொல்லிவிட்டால் நான் சொல்ல வேண்டியதில்லையே. அப்படி நினைத்ததற்கு வேறு தனியாகக் கூசினார்.

மெஷின் நின்றது. இந்த முறை திரும்ப ஓடவில்லை. சடையப்பன் தலையிலும் புருவத்திலும் சிமென்ட் தூசியோடு ஹாலுக்கு வந்தான். கையில் பழைய தகடு. அதை ஒரு செய்தித்தாளை விரித்து டீப்பாய் மேல் வைத்தான். "புதுசு இரும்புலயே போட்டுட்டனுங்க சார். பத்தேகால்ல ஓட்டை போட்டு மரை எடுத்திருக்கேன். மேல நட்டும் வச்சு வெல்டு பண்ணியாச்சு. நான் ரெண்டு வாட்டி தொங்கிப் பாத்துட்டனுங்க." பாலதண்டாயுதம் தகட்டை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து ஓட்டை வழியாகப் பார்த்தார். சுண்டுவிரலை உள்ளே விட்டு எடுத்தார். "ஏப்பா, இது ஓட்டையா, ஜன்னலா? உள்ள மரைன்னு ஒண்ணு இருந்துச்சா இல்லையா?" சடையப்பன் தரையைப் பார்த்தான். "அளவு தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லோணும். எங்க மாப்பிள்ளை முப்பது வருசமா இதத்தான் பாடமா நடத்தறாரு. அவருகிட்ட ஒரு வார்த்தை கேட்டிருந்தா சொல்லியிருக்க மாட்டாரா?" அப்போது சடையப்பன் நிமிர்ந்து இவரைப் பார்த்தான். குற்றம் சாட்டுகிற பார்வை இல்லை. இப்போது நான் என்ன சொல்லட்டும் என்று உத்தரவு கேட்கிற பார்வை. "தப்பாப் போச்சுங்க" என்றான். "தப்பாப் போச்சுன்னா? மூட்டு ஆஸ்பத்திரி டாக்டரு இதே மாதிரி நாப்பது கைப்பிடி உன்கிட்டச் சொல்லியிருக்கறாராமே? நாப்பது பேரு கையை ஒடைக்கோணுமா? அவரு எனக்குப் பழக்கந்தான். இப்பவே சொல்லிடறேன் இரு." செல்போனை எடுத்தார். ஸ்பீக்கரில் போட்டு டீப்பாய் மேல் வைத்தார். மணி அடிக்கத் தொடங்கியது.

மணி அடித்தது. டாக்டர் எடுக்க மாட்டார், ஞாயிற்றுக்கிழமை, குளித்துக்கொண்டிருப்பார். எடுக்காவிட்டால் இன்றைக்குத் தப்பித்தது. நாளைக்கு? நாளைக்கு மைத்துனர் மறந்துவிடுவார். மறக்க மாட்டார், நூல் வியாபாரி, எதையும் மறந்ததில்லை. நாற்பது கைப்பிடி என்றால் அந்தப் பட்டறைக்கு மூன்று மாத வேலை. டாக்டரிடம் பிறகு தனியாகப் போன் செய்து, 'அவன் நல்ல வேலைக்காரன்தான், ஏதோ ஒரு தரம் தப்பிவிட்டது' என்று சிபாரிசு செய்யலாம். ஆகா, சிபாரிசு! எவ்வளவு சாமர்த்தியமாக வேலை செய்கிறது இந்த மண்டை. பன்னிரண்டில் ஒன்றேமுக்கால் போனால் பத்தேகால். மணி அடித்தது. சொன்னால் என்ன ஆகும்? மைத்துனர் சோமனூர் முழுக்கச் சொல்வார். கல்லூரிக்கு வரும், எப்படியாவது வந்துவிடும், ஓய்வு பெற இருக்கிற பத்து மாதமும் கழிவறைச் சுவரில் புதிய எழுத்து. அரை டேப்பு பெண்டாட்டியைக் கீழே போட்டார். நாற்பது பேர் இருமுவார்கள். இருமட்டுமே. அதைவிட இந்த மணிச் சத்தம் மோசமாக இருந்தது. சடையப்பனின் கை கால்சட்டையின் தையலைப் பிடித்து நிமிண்டிக்கொண்டிருந்தது, அடி வாங்கப் போகிற பையன் கை மாதிரி. உள் அறையில் சுலோச்சனாவுக்கும் இது கேட்கும். அவள் பேச மாட்டாள். ஆறு நொடி தரையில் கிடந்து பார்த்தவள் இப்போதும் பார்த்துக்கொண்டுதான் கிடப்பாள். மணி நின்று, "ஹலோ" என்று ஒரு குரல் வந்தால் பிறகு முடியாது. இப்போது முடியும். "மச்சான், போனை வைங்க" என்றார். குரல் வகுப்பறைக் குரலாக, தேவைக்கு மேல் கணீரென்று வந்தது. "ஓட்டை போட்டது நான். பதினொண்ணுல போட்டேன், பத்தேகால் போட்டிருக்கணும். கம்பியைக் கடைஞ்சதும் நான்தான். சடையப்பன் கூரையில மாட்டினதோட சரி."

பாலதண்டாயுதம் போனை அணைத்தார். இவரைப் பார்த்தார், சடையப்பனைப் பார்த்தார், மறுபடி இவரைப் பார்த்தார். அவருடைய பெரிய முகம் மெல்ல இளகியது. "பாத்தியாப்பா?" என்றார் சடையப்பனிடம். "மனுசன்னா இப்படி இருக்கோணும். கட்டுன பொண்டாட்டி கை ஒடிஞ்சு கெடக்கறா. ஆனாலும் உன் பொழப்புல மண்ணு விழுந்திரக் கூடாதுன்னு பழியத் தன்மேல போட்டுக்கறாரு. வாத்தியாரு வாத்தியாருதான்." எழுந்து வந்து இவர் தோளில் கையை வைத்தார். கனமான, அன்பான கை. கண்கூடக் கலங்கியிருந்தது மனுஷனுக்கு. தெய்வசிகாமணி 'இல்லை' என்று சொல்ல வாயெடுத்தார். வார்த்தை வரவில்லை. வரவில்லை என்பதும் பொய், வரவிடவில்லை. அந்தக் கை தோளில் இருந்தது இதமாக இருந்தது. சொன்னதும் ஆயிற்று, சொன்னதற்குப் பெருமையும் கிடைத்தது, போன் பேச்சும் நின்றது, இதற்கு மேல் என்ன வேண்டும்? ஒரு மூச்சு நேரம், இரண்டு மூச்சு நேரம், அவர் அதை வாங்கிக்கொண்டு நின்றார். கம்பியிடம் குனிந்தவர்தானே. உள் அறையிலிருந்து சுலோச்சனாவின் குரல் வந்தது, மெதுவாக, ஆனால் ஒவ்வொரு சொல்லும் தெளிவாக. "அண்ணா. அவரு சொல்றது நெசம். ரெண்டு ஞாயித்துக்கெழமை காலேஜுல போயி அவரேதான் செஞ்சாரு. காலையில நாந்தான் மாத்திச் சொல்லிட்டேன்." தோளிலிருந்த கை அப்படியே கொஞ்ச நேரம் இருந்தது. பிறகு எடுக்கப்பட்டது. பாலதண்டாயுதம் போய் சோபாவில் உட்கார்ந்து, காலியான காப்பி டம்ளரை எடுத்துப் பார்த்துவிட்டு வைத்தார். "அட" என்றார். சடையப்பன் ஏற்கெனவே சாமான்களைப் பெட்டியில் அடுக்கத் தொடங்கியிருந்தான்.

கேட் வரைக்கும் தெய்வசிகாமணி அவன் பின்னால் நடந்தார். வெயில் நன்றாக ஏறியிருந்தது. உடம்பில் எங்கோ ஒரு இறுக்கம் விட்டுப்போயிருந்தது, காலையைவிட இப்போது நன்றாகவே மூச்சு வந்தது. அதை உணர்ந்ததும் உடனே அதற்காகவும் வெட்கப்பட்டார், ஆனாலும் மூச்சு வரத்தான் செய்தது. ஒரு வாக்கியத்தைத் தயார் செய்து வைத்திருந்தார். என்னை மன்னித்துவிடுங்கள், சடையப்பன், உங்களை நாலு நாள் என் இடத்தில் நிற்க வைத்துவிட்டேன். 'நீங்க' என்றே சொல்லிவிட வேண்டும், இத்தனை வருஷமாக 'வாப்பா போப்பா' என்று கூப்பிட்டதற்கும் சேர்த்து. சடையப்பன் பெட்டியை மொபெட்டின் பின்னால் வைத்துக் கயிறு போட்டுக் கட்டினான். கட்டி முடித்துவிட்டு வீட்டு வாசல் பக்கம் ஒரு தடவை பார்த்தான். யாரும் இல்லை என்று தெரிந்ததும் கிட்டே வந்தான். "சார், நான் அவருகிட்ட ஒண்ணுமே சொல்லலீங்க. நீங்களா சொன்னதுதானுங்க." "தெரியும்" என்றார் இவர். அந்த வாக்கியத்தைத் தொடங்க வாயைத் திறந்தார். சடையப்பன் முந்திக்கொண்டான். "சுபிக்ஷா-ன்னு உங்க டிபார்ட்மென்டுல ரெண்டாம் வருசம் படிக்குதுங்க. எம் பொண்ணுங்க சார். சொன்னா சலுகை கேக்கற மாதிரி ஆயிருமுன்னு அதுதான் உங்ககிட்டச் சொல்லக் கூடாதுன்னு சொல்லிருச்சு. போன மாசம் அந்தக் கம்பியப் பாத்தன்னைக்கே எனக்கு டவுட்டுதானுங்க. உங்ககிட்ட எப்படிங்க சொல்றது?" குரலைத் தாழ்த்தினான். "இன்னைக்கு நடந்தத மனசுல வச்சுக்கிட்டு... இன்டர்னல் மார்க்குல அதுக்கு ஒண்ணும் ஆயிராதுங்களே சார்?" தெய்வசிகாமணி அந்தப் பெண்ணின் முகத்தைத் தேடினார். அறுபது தலைகள், குனிந்து எழுதிக்கொண்டிருக்கிற அறுபது உச்சி வகிடுகள். அதில் எது என்று தெரியவில்லை. தயார் செய்து வைத்திருந்த வாக்கியத்தையும் தேடினார். அது எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை. "ஒண்ணும் ஆகாது. போயிட்டு வாப்பா" என்றார். ரெக்கார்டு நோட்டில் கையெழுத்துப் போட்டுத் திருப்பிக் கொடுக்கும்போது வருகிற அதே குரலில் அது வந்தது. சடையப்பனின் முகம் தெளிந்தது. தூசி படிந்த இரண்டு கைகளையும் நெஞ்சுக்கு நேரே கூப்பி, "ரொம்ப நன்றிங்க சார்" என்றான்.